ஒரே வீட்டில் இரு மருந்துப் போத்தல்கள்

தைப்பூசம் முடிந்த வியாழக்கிழமைக்குக் கீழே என் நாட்குறிப்பில் ஒரே ஒரு வரி இருக்கிறது: “அக்கா, மாமா இருவரும் ஆய்வில் சேர்ந்தார்கள். உடன் இருந்தேன்.” ரவாங் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். ஓய்வு நேரத்தில் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் எப்போது தொடங்கின, எப்போது மூடப்பட்டன என்று தேதி தேடித் திரிகிறவன். எதையும் நாளோடு எழுதி வைப்பது பழக்கம். ஆனால் அந்த வியாழக்கிழமையைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவுக்கும் மாமாவுக்கும் வெகுகாலமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். இருவருக்குமே சிறுநீரகம் மெல்லக் கெட்டுக்கொண்டு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு புதிய மாத்திரை உதவுமா என்று பார்க்கும் ஆய்வு நடந்தது. விளக்கிச் சொன்ன டாக்டர் இளம்பெண். நல்ல தமிழ் பேசினார். வழக்கமான மருந்துகள் அத்தனையும் தொடரும். அவற்றோடு பாதிப்பேருக்குப் புதிய மாத்திரை, மீதிப்பேருக்கு அதே நிறத்தில், அதே வடிவத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும்; நோயாளிக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்றார்.

“அப்ப ஒங்களுக்கே தெரியாதா டாக்டர்? நல்ல கூத்துலா இது,” என்று மாமா சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. “ஒரே வீட்டுல அவருக்கு மருந்து, எனக்கு வெறுமாத்திரைன்னு வந்துட்டா?”

“வரலாம்மா. ரெண்டு பேருக்கும் மருந்தும் வரலாம், ரெண்டு பேருக்கும் வெறுமாத்திரையும் வரலாம். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் கையெழுத்து போடணும்.”

போட்டார்கள். ஏன் மறைக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிற்சாலையிலும் எந்தப் பெட்டி எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்று சொல்லாமல்தான் சோதிக்கக் கொடுப்போம். சொன்னால், நாம் நம்புவதைத்தான் கண் பார்க்கும். இதைப்பற்றி நான் நிறையவே வாசித்திருக்கிறேன். ஆனால் வாசித்த எதிலும் கணவனும் மனைவியும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீரோடு அந்த மாத்திரையை விழுங்கும் காட்சி இல்லை.

மாமா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டம் கைமாறி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை இடித்தபோது புக்கிட் ரோத்தானில் சின்ன வீடு வாங்கிக் குடியேறினார்கள். அங்கே குளிர்பெட்டியின் மேல் இரண்டு மருந்துப் போத்தல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் அவர் பெயர், மற்றதில் அக்காவின் பெயர். காலையில் மாத்திரை எடுத்து வைப்பது மாமாவின் வேலை. அக்காவுக்குக் கண் பார்வை மங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சீண்டுவார். “என்னப்பா, ஜோடியா சோதனை எலி ஆயிட்டீங்களாமே?”

“ஆமாலா. எலிக்கு மாசா மாசம் ரத்தம் பாத்து, ரொட்டி சானாய் வாங்கிக் குடுத்து அனுப்புறாங்க. ஒன்ன யாரு பாக்குறா?” என்பார் மாமா.

சில மாதங்கள் கழிந்ததும் வீட்டுக்குள் ஒரு போட்டி தொடங்கிவிட்டது. மாமாவின் கால்வீக்கம் வற்றியது. செருப்பு லூசாகிவிட்டது என்று என்னிடம் காட்டினார். அக்காவின் கால் அப்படியே இருந்தது. “எனக்குத்தான் அசல் சரக்கு, மச்சான். அக்காவுக்குக் கோதும மாவு,” என்று கண்ணடித்தார். ரத்தம் எடுக்கும் நர்ஸ் மிஸ்ஸியிடமும் சொல்லியிருக்கிறார். அப்படிக் கணக்குப் போட முடியாது, உப்பைக் குறைத்தாலும் கால் வற்றும் என்று மிஸ்ஸி சொன்னாராம். மாமா உப்பைக் குறைத்திருந்தார் என்பதும் உண்மைதான்.

மறு ஆண்டு பங்குனி உத்திரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்தபின் மீதி மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா பையிலிருந்து இரண்டு போத்தல்களையும் எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு மாமாவின் பெயர் ஒட்டியிருந்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“டாக்டரம்மா, இதுலேர்ந்து நாந்தான் சாப்புட்டேன். அவரு என்னோடத சாப்புட்டாரு.”

அக்காவே தொடர்ந்தாள். தீபாவளிப் பலகாரம் சுட்ட வாரத்தில் மாமா போத்தலை மாற்றிவிட்டார். “எனக்கு நல்லாயிருச்சு புள்ள, இனிமே நீ இதச் சாப்புடு. ஒனக்கு நல்லானா மறுபடி மாத்திக்குவோம்” என்றாராம். அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். “கட்டுனவளுக்கு மாவக் குடுத்துட்டு நான் மருந்து திங்கவா?” என்று கேட்டுவிட்டு, மாத்திரையைத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். இவளும் எடுத்து விழுங்கியிருக்கிறாள்.

டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் இல்லை. எழுதிக்கொண்டார், எழுதித்தான் ஆக வேண்டும், மேலிடத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்றார். அக்காவுக்கு அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். பரிசோதனைக்கு மட்டும் வரச் சொன்னார்கள்.

“அவரு பங்க நான் தின்னுட்டேனா டாக்டர்? அதுனாலதான் போயிட்டாரா?”

“அந்த மாத்திரை இருந்திருந்தா பிழைச்சிருப்பார்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. உங்க ரெண்டு போத்தல்லயும் என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. ஆய்வு முடியறவரைக்கும் தெரியவும் கூடாது.”

அதற்குப் பிறகு அக்காவுக்கு இருப்பு கொள்ளவில்லை. நான் செரண்டா வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அழைப்பாள். ஆய்வு முடிந்ததா, டாக்டர் மாறிவிட்டாரா, வேறு யாரைக் கேட்கலாம் என்பாள். இருவரின் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் என்னிடம் கொடுத்து, “தேதி போட்டு வச்சுப் பாக்குறவன்தானே நீ, இதப் பாத்துச் சொல்லு” என்றாள். மாதவாரியாக அடுக்கிப் பார்த்தேன். மாமாவின் ரத்தத்தில் சிறுநீரகக் கழிவின் அளவு, போத்தல் மாறிய பலகார வாரத்துக்கு முன்பே ஏறத் தொடங்கியதுபோல ஒரு நாள் தோன்றும். மறுநாள் பார்த்தால் அப்படி இல்லை. நான் விரும்பியதை என் கண் பார்க்கிறது என்று புரிந்ததும் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூடப்பட்ட தோட்டம் ஒன்றின் தேதி கிடைக்காவிட்டால் எனக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். இது அப்படிப்பட்டதல்ல. இதில் என் அக்கா சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளி வைக்கிறாள்.

மாதங்கள் போகப்போக அவள் பயம் இடம் மாறியது. முதலில், அவர் போத்தலில் மருந்து இருந்திருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஒரு நாள் பேச்சுவாக்கில், “வெறும் மாவக் குடுத்துட்டு, எனக்கு உசுரையே குடுத்ததா நெனச்சுக்கிட்டுப் போயிருப்பாரே தம்பி” என்றாள். அன்று முதல் எந்தப் பதிலை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

சென்ற மாதம் அந்த டாக்டரே அழைத்தார். இப்போது மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறாராம். ஆய்வு முடிந்துவிட்டது, விரும்புகிறவர்கள் தங்களுக்கு எது கொடுக்கப்பட்டது என்று கேட்டு விண்ணப்பிக்கலாம், மாமாவுக்காக அக்காவே கையெழுத்துப் போடலாம் என்றார். நேரில் போனபோது இன்னொன்றும் கேட்டார்: பெயர் சொல்லாமல் இந்தக் கதையை மாணவர்களிடம் சொல்லலாமா? ஒரே வீட்டில் இருவரைச் சேர்க்குமுன் தான் எதை யோசித்திருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம்.

“சொல்லுங்க. ஆனா அவரு தப்பு பண்ணுனாருன்னு மட்டும் சொல்லாதீங்க,” என்றாள் அக்கா.

“தப்புதாம்மா. அத மறைக்க முடியாது. ஏன் பண்ணுனாருன்னும் சேத்துச் சொல்லுவேன்.”

“அத மொதல்ல சொல்லுங்க,” என்றாள்.

பிறகு இரண்டு விண்ணப்பங்களிலும் கையெழுத்துப் போட்டாள். தன்னுடையதில் வேகமாக, மாமாவுடையதில் என் விரலால் இடத்தைக் காட்டச் சொல்லி, மெதுவாக. காரில் ஏறியதும் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். “எது வந்தாலும் நான் அழத்தான் போறேன். அதுக்குச் சீக்கிரம் வந்து தொலையட்டுமே,” என்றாள்.

விண்ணப்பம் வெளிநாட்டில் உள்ள மருந்து நிறுவனத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்கிறார்கள். இதை எழுதும் இன்று காலையும் அக்கா அழைத்து, “வந்துச்சா?” என்று கேட்டாள். வரவில்லை. மாமாவின் பெயர் ஒட்டிய போத்தலில் இருந்தது மருந்தா, வெறும் மாத்திரையா என்பதை இந்த நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.