கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீர்

பெங்களூர் ஹெப்பாள் வீட்டில் என் மகன் ஏர் கம்ப்ரசர் டேங்கின் அடியிலிருந்த சிறு குழாயைத் திறந்தான். காற்று சீறியது, கூடவே துருநிறத் தண்ணீரும் வந்தது. அந்த வாடை என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது மைசூரில் மகாராஜா ஆட்சி. அப்பா வீட்டுக் கொட்டகையில் கம்ப்ரசர் காற்றால் மோட்டார் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பார். காற்றின் ஈரம் டேங்கில் தண்ணீராகச் சேரும்; அதைத் தினமும் வடித்துவிட வேண்டும். சாயங்காலமானால் அம்மா கொட்டகை வாசலில் நின்று, "தண்ணி திறந்துவிட்டாச்சா?" என்று கேட்பாள்.

அம்மா டைபாய்டில் இறந்தபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா பேசுவதை விட்டுவிட்டார். எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். நான் தனியாகச் சாப்பிடுவேன்.

ஒருநாள் நஞ்சன்கூட்டு டாக்டர் ஒருவரின் கறுப்புக் கார் கதவில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. தேங்கிய தண்ணீர் பெயின்டோடு தெறித்திருந்தது. அப்பா அந்தக் கதவின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"அப்பா, தண்ணி திறந்துவிட்டாச்சா?"

அவர் என்னையே பார்த்தார்.

"இல்லம்மா, மறந்தே போச்சு," என்றார். பிறகு, "நாளைக்கும் வந்து கேளு," என்றார்.

தினமும் போய்க் கேட்டேன். நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான்.

கல்யாணமாகி நான் பெங்களூர் போனபின் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் அது இன்றுதான் எனக்குத் தோன்றியது.