ஒலிபெருக்கியில் சியேனியின் ஜெபம்

சியேனி அக்காவின் முகத்தைவிடக் குரல்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சவாயீ தீவில், எங்கள் போலீஸ் நிலையத்து வயர்லெஸ் அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். அதில் ஒன்பது வருடம் நான் வண்டி ஓட்டினேன். அவசரமென்று யார் போன் செய்தாலும் எடுப்பது அவள்தான். எங்கள் ஊர்களில் வீடுகளுக்கு எண் கிடையாது. "யாரோட பொண்ணு நீ? அப்பா பேரச் சொல்லு" என்பாள். அப்பா பேர் தெரிந்தால் போதும், வண்டி எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிடுவாள். அழுகிறவர்களிடம், "மூச்சு விட்டுட்டுப் பேசு. நான் எங்கயும் ஓடிப் போயிடல" என்பாள். மறு கையில் பாதி தின்ற சுட்ட ஈரப்பலா இருக்கும். அந்த நாட்கள் இனித் திரும்பி வராது.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இளவயது, சைரன் வைத்த வண்டி. தலைகால் புரியாத ஆட்டம். எங்கள் அதிகாரியின் பிறந்தநாளுக்கு பீர் பெட்டிகளை ஏற்றித் தார்ப்பாயால் மூடிக்கொண்டு மாத்தாவாய் ஊருக்குள் நுழைந்தபோது சங்கு ஊதிவிட்டார்கள். 'சா' என்கிற மாலை ஜெப நேரம். ஊரே வீட்டுக்குள் ஜெபத்தில் இருக்கும். சாலையில் ஈ காக்கை நகரக் கூடாது. வாலிபர்கள் குறுக்கே காவல் நிற்பார்கள். நான் சைரன் போட்டு, "நோயாளி, நோயாளி!" என்று கத்தி வழி வாங்கிவிட்டேன். ஊர் எல்லைப் பள்ளத்தில் வண்டி குதித்தது. இரண்டு பெட்டிகள் வாலிபர்களின் கண்ணெதிரே உருண்டன.

இரண்டு வாரம் கழித்து, பொழுது சாயும் நேரம், மாத்தாவாய்க்கு அடுத்த ஊர்க் கடையிலிருந்து போன். லூசியா என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டி தீவின் மறுகோடியில். சியேனி அக்கா என்னை அனுப்பினாள்.

வழியில் மாத்தாவாயில் மறுபடியும் சங்கு ஊதியிருந்தார்கள்; வாலிபர்கள் கைகோத்து நின்றார்கள். சைரன் போட்டேன். ஒருவனும் அசையவில்லை. ஊரின் மூத்த தலைவர் சுவரில்லாத தன் வீட்டின் விளிம்புக்கு வந்தார்.

"என்னப்பா செமிசி, இன்னிக்கு யாருக்குப் பொறந்தநாள்?"

"ஐயா, சத்தியமா ஒரு பொம்பளைக்கு உசுரு போகுது!"

"வண்டி காலியால்ல இருக்கு? ஜெபம் முடியட்டும், போகலாம்."

அவர் ஜெபம் பிடித்தால் அரை மணி நேரம். அங்கே யாருக்குப் போன் அடித்தாலும் அந்நேரத்தில் எடுக்க மாட்டார்கள். மைக்கை எடுத்தேன்.

"அக்கா, விட மாட்டேங்கறாங்க. எல்லாம் என் வினை."

"அழறத அப்புறம் வெச்சுக்கலாம்டா தம்பி. என் குரல ஒலிபெருக்கியில விடு."

சைரன் பெட்டியின் குமிழைத் திருப்பினேன். கூரைமேலிருந்து அக்காவின் குரல் ஊர் முழுக்க எழுந்தது.

"ஜெபம் பண்ணுவோம்."

வாலிபர்கள் தலை தானாகக் கவிழ்ந்தது. தலைவரும் கண்ணை மூடினார். ஜெபத்தின் நடுவே பேச எங்கள் ஊரில் யாருக்குத் துணிச்சல் உண்டு?

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே, இந்தச் சாயங்காலத்துக்காக ஸ்தோத்திரம். உமது மகள் லூசியா, படகு செய்கிற பெலேயின் மகள், இதே மாத்தாவாயில் பிறந்த அனாவின் பேத்தி, ரத்தம் சிந்திக்கொண்டு கிடக்கிறாள். அவளுக்கு நேரம் இல்லை ஆண்டவரே. பீர் பெட்டிக்காகப் பொய் சொன்ன இந்த மடையன் செமிசியை மன்னியும். அந்தப் பீரைக் குடித்த எங்கள் அதிகாரியையும் மன்னியும். அவன் பாவம் அவள் தலையில் விழ வேண்டாம். வழியைத் திறந்துவிடும். ஆமென்."

அதிகாரி உட்படத் தீவின் அத்தனை நிலையங்களும் அதே அலைவரிசையில்தான் கேட்டுக்கொண்டிருந்தன. எனக்கோ பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

தலைவர் உரக்க, "ஆமென்" என்றார். பிறகு, "அனாவோட பேத்திடா, விலகுங்க! ரெண்டு பேர் வண்டியில ஏறுங்க, தூக்க ஆள் வேணும்" என்றார்.

நாங்கள் போனபோது லூசியாவின் உதடு வெளுத்திருந்தது. பாயோடு தூக்கி, குழந்தையோடு வண்டியில் ஏற்றினோம். திரும்பும் வழியெல்லாம் மாத்தாவாய்க்காரர்கள் இருவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து சொன்னதும் வண்டிக்கு ஓடினேன்.

"அக்கா, பொழச்சுட்டா. கொழந்தையும் நல்லாருக்கு."

நான் அணைக்க மறந்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து விசும்பல் கேட்டது. அதுவரை சியேனி அக்கா அழுது நான் கேட்டதில்லை. மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவள் கையை எடுக்கும்வரை தீவில் வேறு எந்த போலீஸ்காரனும் பேச முடியாது. எல்லோரும் காத்திருந்தோம்.