அச்சு ஆடிய காசு

கும்மிடிப்பூண்டி லோக்கலில் என் எதிர் சீட்டில் வந்தவர், உலோகத் தகடுகளை அச்சில் வைத்து அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்றில் தரம் பார்க்கும் பெண். கம்பெனிச் சட்டை, காதோர நரை, கழுத்துக் கயிற்றில் ஒரு சின்ன லென்ஸ். ரயிலில் வாங்கிய கொய்யாவைக்கூட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகே கடித்தார்.

என்னிடமிருந்த ஐந்து ரூபாய் நாணயத்தில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன. நல்ல விலைக்குப் போகும் என்ற ஆசையில் அவரிடம் நீட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அச்சுலயே ரெட்டையா இருந்தா ரெண்டு எழுத்தும் மேடா நிக்கும்ணா. இது ஓரத்துல படி மாதிரி தட்டையா நசுங்கிக்கினு இருக்கு பாருங்க. காசை அடிக்கச்சொல்ல, அந்த நொடில அச்சு லேசா ஆடிருக்கு.”

“அப்போ விலை?”

“இன்னா விலை, அஞ்சு ரூபாதான். அச்சே தப்புன்னா, அதுல அடிக்கிற எல்லாக் காசுலயும் அதே தப்பு வரும். காசு சேர்க்கறவங்க அதைத்தான் லிஸ்ட் போட்டுத் தேடிக்கினு அலையறாங்க. இந்த ஆட்டம் இதே மாதிரி இன்னொரு காசுல வராதுண்ணா.”

பொன்னேரியில் இறங்கிப் போய்விட்டார். நான் காசை ஜன்னலோரம் சாய்த்தேன். என்றோ, எங்கோ, ஓர் இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக நடுங்கியிருக்கிறது. கொய்யாவைத் தின்றபடியே அவர் அதைப் பார்த்துவிட்டார்.