ரெங்கம்மாளின் வலது கால்

குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் நல்லகண்ணு அண்ணாச்சியின் பிழைப்பு. சீசன் வந்தால் வக்கீல், பண்ணையார் என்று எல்லார் காலும் அவர் கைக்கு வரும். தொட்டதுமே எந்தக் காலில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவர் மனைவி ரெங்கம்மாளைக் கெடுத்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒருநாள் விடியற்காலையில் எழுந்தவளுக்கு வலது கால் வரவில்லை. இழுத்து இழுத்து நடந்தாள், விழுந்தாள். பேய் என்றார்கள், அருவிக்கடியில் பிடித்து நிறுத்தினார்கள். மூச்சுத் திணறியதுதான் மிச்சம். அண்ணாச்சி மட்டும் தினமும் சாயங்காலம் தைலம் தேய்த்தார். நாளாக ஆக அவர் முகம் மாறியது. வாதம் வந்த கால் என்றால் சதை வற்ற வேண்டும். இது வற்றவில்லை.

"காலு நல்லாத்தான இருக்கு?" என்று முணுமுணுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரியான நான்தான் அவளைத் தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அவளைப் படுக்கவைத்து, வலது குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, "அழுத்தும்மா" என்றார். முடியவில்லை. இடது காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினாள்.

"இப்ப வலது குதிகால் என் கையை அழுத்துது பாருங்க. பலம் இருக்கு. நினைச்சுக் கூப்பிட்டா வரமாட்டேங்குது. இது நடிப்பில்ல, நோய்தான். பழக்கினா நடக்கலாம்."

பின்பக்கமாக நடந்து பழகச் சொன்னார். வழக்கமில்லாத நடை என்பதால் கால் தானாக வரும் என்றார். ரெங்கம்மாள் அன்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்தும், பிறகு பிடிக்காமலும் பின்பக்கமாக நடந்தாள். முன்னால் அடி வைத்தால்தான் கால் மடங்கியது. ஒருநாள் அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"பின்னால நடக்கத் தெரிஞ்சவளுக்கு முன்னால நடக்கத் தெரியாதோ? யார ஏமாத்துத ஏட்டி?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எனக்குத் தெரியாத காலா?" என்றார். எனக்கு அவர்மேல் இன்றைக்கும் ஆத்திரம்தான்.

அன்றோடு தைலம் நின்றது. அவள் நடையும் நின்றது. எவ்வளவோ கெஞ்சினேன்.

"நடந்தா கள்ளின்னு சொல்லுதாவக்கா. இருந்துட்டே போறேன்."

அறுபத்தாறாம் வருஷம் அவளுக்குக் கடும் காய்ச்சல். அண்ணாச்சி வெகுகாலம் கழித்து அவள் காலைத் தொட்டார். கெண்டைச் சதையே இல்லை. உட்கார்ந்தே கிடந்ததில் நல்ல காலும் சேர்ந்து வற்றியிருந்தது.

"சதை வத்திட்டே, ரெங்கம்மா..." அண்ணாச்சி உடைந்து அழுதார்.

"இப்பமாவது நம்புதியளா?" என்று கேட்டாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.