தவமணி அக்கா காத்த மூன்றடித் தண்டவாளம்

சென்ற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காதர் பாய் போன் செய்தார். பினாங்கு சூலியா தெருவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். அந்த நேரத்தில் அவருக்குக் கறி அள்ளி ஊற்றவே இரண்டு கை போதாது. நல்ல செய்தியாக இருக்காது என்று தெரிந்துகொண்டுதான் எடுத்தேன்.

“மண்டோர் அண்ணே, அக்கா இன்னைக்கு வரல. சனிக்கிழமைன்னா ஒன்பதரைக்கு டாண்ணு வந்துடுவாங்கல்ல? வரலன்னு போன் அடிச்சேன். அவங்க தம்பி மக எடுத்துச்சு. விடியக்காலைல தூக்கத்துலயே போயிட்டாங்களாம்.”

அவரே தொடர்ந்தார்.

“இன்னொன்னும் இருக்கு அண்ணே. கடைக்கு முன்னாடி போர்டு நட்டிருக்கான். வர்ற திங்க இல்ல, அதுக்கடுத்த திங்க. ரோடு முழுக்கப் புதுசா தார் போடப் போறானாம் லா.”

போனை வைத்துவிட்டு நான் அழவில்லை. முதலில் வந்தது ஆத்திரம்தான். ஆள் கண்ணை மூடி ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் போர்டு வந்துவிட்டதே என்று. போர்டு நட்டவனுக்கு அக்கா யாரென்றே தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரப்பட்டேன்.

எட்டாம் நாளான இன்று, ஆயர் ஈத்தாமில் அக்காவின் வீட்டில் கூடியிருக்கும் உங்கள் முன் படிப்பதற்காக இதை எழுதியிருக்கிறேன். அக்காவின் தம்பி மகள் சுகந்தி கேட்டுக்கொண்டது. உங்களில் பலருக்கு அவரை அலுவலகத்தில் தட்டச்சு செய்த மிஸ் தவமணியாகத் தெரியும், கோயிலில் தேவாரம் பாடியவராகத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் குடையும் கையுமாக நடுரோட்டில் நின்று என் வேலையைக் கெடுத்தவர். நான் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பெரிக் கப்பல் ஏறி இந்தத் தீவுக்கு வந்து, முப்பது வருஷம் ரோட்டு வேலை ஆட்களுக்கு மேஸ்திரியாக, மண்டோராக இருந்தவன். இந்த நகரத்தில் தார் போட்டு மூடுவதுதான் என் பிழைப்பு.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், காதர் பாய் கடைக்கு எதிரே குழாய்க்காகத் தோண்டியபோது என் ஆட்களின் கடப்பாரை இரும்பில் மோதியது. டிராம் தண்டவாளம். படகுத்துறை ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை ஒரு காலத்தில் மின்சார டிராம் நடுரோட்டில் மணியடித்துக்கொண்டு ஓடியது. பிறகு டிராலி பஸ் வந்தது. அதுவும் போய்ச் சாதா பஸ் வந்தது. தண்டவாளத்தில் எத்தனையோ துண்டுகளைப் பெயர்த்தெடுக்காமல் அப்படியே தார் ஊற்றிவிட்டார்கள். எங்களுக்கு அது புதிதல்ல. அங்கங்கே தட்டுப்படும், திரும்ப மூடிவிடுவோம். அன்றும் மூடத்தான் நின்றோம்.

அப்போது சேலை கட்டிய ஒரு பெண்மணி நேராக வந்து, வெளியே தெரிந்த அந்த மூன்றடி இரும்பின் மேல் செருப்போடு ஏறி நின்றார்.

“தம்பி, மூட முதல் என்னைக் கேளும்.”

“அக்கா, இது அரசாங்க ரோடு. உங்கள ஏன் கேக்கணும்?”

“அப்ப ஆரைக் கேட்டீர்?”

யோசித்துப் பார்த்தேன். யாரையும் கேட்கவில்லைதான். அத்தனை வருஷ வேலையில் யாரையாவது கேட்டதாகவே நினைவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. சரி, பேச்சுக் கொடுத்து இறக்கிவிடலாம் என்று பாய் கடையில் ஒரு கிளாஸ் தே வாங்கிக் கொடுத்தேன். தே குடித்துக்கொண்டே கேட்டார், “உம்மட ஆக்கள் எதையுமே விடமாட்டினமோ? எல்லாத்தையும் மூடிப்போடுவினமோ?”

நான் விளையாட்டாகச் சொன்னேன். தண்ணீர் வால்வு மூடி, சாக்கடை மூடி மாதிரியானவற்றைச் சுற்றி மஞ்சள் பெயிண்ட்டில் வளையம் போடுவோம். வளையத்துக்குள் இருப்பதை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். பங்களாதேஷிலிருந்து வந்தவனாக இருந்தாலும் பட்டர்வொர்த்திலிருந்து வந்தவனாக இருந்தாலும் அந்த ஒரு விஷயம் மட்டும் பாடம். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு தேயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். ஆள் போய்விட்டது, மறுநாள் காலை தார் மெஷின் வந்ததும் மூடிவிடலாம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் ஒரு லோரி வர வேண்டியிருந்ததால் நான் வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. தெருவில் புதுத் தார் மினுமினுவென்று கிடந்தது. பாய் கடைக்கு எதிரே மட்டும் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் மூன்றடித் தண்டவாளம். அதைச் சுற்றி மஞ்சள் வளையம். நாங்கள் அடிக்கும் பெயிண்ட் அல்ல, வீட்டுக் கேட்டுக்கு அடிக்கும் பளபளப்புப் பெயிண்ட். பிரஷ்ஷால் கோணல்மாணல் இல்லாமல் இழுத்திருந்தது. மெஷின் ஓட்டியவன் வளையத்தைப் பார்த்ததும் ஒழுங்காக ஒதுங்கிப் போயிருக்கிறான். எதிரே கடை வாசலில் அக்கா உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலில் மஞ்சள் இருந்தது. மறைக்கவும் இல்லை.

பத்து மணிக்கு எஞ்சினியர் வந்து, “இது என்ன?” என்று கேட்டார். என் வாயில் என்ன புகுந்ததோ தெரியவில்லை. “வால்வு, பாஸ்” என்றேன். அவர் காரை விட்டு இறங்காமலேயே எழுதிக்கொண்டார். மாலையில் பூர்த்தி செய்யும் பாரத்தில் நானும் வால்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த நகரத்தின் வரைபடத்தில் சூலியா தெருவில் இல்லாத வால்வு ஒன்று இருக்கிறதே, அதைப் பெற்றவன் நான்தான்.

அதன்பின் அக்கா சனிக்கிழமை தவறாமல் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி வருவார். பழைய கரண்டி ஒன்றால் தண்டவாளத்தின் மேல் சேர்ந்த மண்ணைச் சுரண்டுவார். வருஷத்துக்கு ஒருமுறை வளையத்துக்குப் புதுப் பெயிண்ட். நானும் வேலைக்கு நடுவே வந்து ஒரு தே குடிப்பேன். வேலையை விட்டபின் அதற்காகவே வந்தேன். ஒரு தடவை தண்ணீர்க் குழாய் ஆட்கள் இருவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, மண்டியிட்டு அரை மணி நேரம் என் வால்வைத் தேடினார்கள். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “தம்பிமார், இதைத் திறந்தால் தண்ணி வராது, டிராம்தான் வரும்” என்றார். அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள்.

எல்லாமே சிரிப்பாக இருந்துவிடவில்லை. ஒரு மழை நாளில் பாய் கடையில் வேலை செய்யும் ரஹீமின் மோட்டர் சைக்கிள் அந்தப் பள்ளத்தில் சறுக்கி, அவன் கை முறிந்தது. அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவன் கட்டிலருகில் நின்று, “என்ட பிழைதான் தம்பி. என்னைத் திட்டும்” என்றார். அவன் வெட்கப்பட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த வாரமே என்னைப் பிடித்திழுத்து வந்து, பள்ளத்தின் விளிம்பைச் சிமெண்டால் சரிவாக்கி, சக்கரம் இறங்காதபடி தண்டவாளத்தின் நடுவில் ஓடும் காடியையும் அடைக்க வைத்தார். “தண்டவாளம் தெரியவேணும். ஆள் விழக்கூடாது. ரெண்டும் செய்யத் தெரியாட்டி நீர் என்ன மண்டோர்?” என்றார். செய்தேன். அதன்பிறகு அங்கே யாரும் விழவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவருடைய அப்பா டிராம் ஷெட்டில் நேரம் குறிக்கும் கிளார்க்காக இருந்தவர். ஒரு நாள் காலை வேலைக்குப் போனபோது, இனி டிராம் இல்லை, பஸ் பக்கம் போய் உட்கார் என்றார்களாம். அவ்வளவுதான் அறிவிப்பு. அதன்பின் அவர் சாகும்வரை ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கீழேயும் பார்ப்பாராம். “அடியில கிடக்குது, அப்பிடியே கிடக்குது” என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். மனைவி, மகன்கள் எல்லாரும் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான்” என்று அக்கா என்னிடம் சொன்னார். “உம்மட ஆக்கள் தோண்டின அண்டைக்குத்தான் தெரிஞ்சுது, அந்த மனிசன் உண்மை சொன்னது. அவர் செத்து நாப்பது வருசம்.”

அன்று ஒருநாள்தான் அவர் கண் கலங்கிப் பார்த்தேன். மற்றபடி அழுகை என்றாலே அவருக்கு ஆகாது. பழைய பினாங்கு என்று படமெடுக்கும் இளைஞர் ஒருவர் கேமராவோடு வந்து, டிராம் நாட்களை நினைத்து ஏங்குவதாக இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நான் டிராமில ஏறினதே இல்லை. நான் பிறக்கேக்க அது நிண்டுபோச்சு. எனக்கு ஏக்கம் ஒண்டும் இல்லை தம்பி, கோவம்தான் இருக்கு. அதைப் படம் எடுக்கிறதெண்டால் எடும்.” இளைஞர் தண்டவாளத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கோபம் கடைசியில் என் பக்கமும் திரும்பியது. போன வருஷம் தே குடிக்கும்போது சட்டென்று கேட்டார், “உம்மட பொய் எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

“அந்தப் பொய்தான் அக்கா இவ்வளவு நாள் காப்பாத்துச்சு.”

“எதை? பேப்பரில இருக்கிறது வால்வு. நீர் காப்பாத்தினது அந்த வால்வைத்தான். அப்பா சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லை. இப்ப நம்புறதுக்கு இரும்பே கிடக்குது, அதுக்கும் நீர் வேற பேர் வச்சிட்டீர். போய் உண்மையைச் சொல்லும்.”

நான் போகவில்லை. பயம் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. பிறகு பார்க்கலாம், சமயம் வரட்டும் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். முப்பது வருஷம் நல்ல பெயரோடு வேலை செய்துவிட்டு, பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்று கடைசியில் பெயர் வாங்க மனம் வரவில்லை. மூன்று சனிக்கிழமை அக்கா என்னோடு பேசவில்லை. நாலாவது வாரம் தே வாங்கி வைத்தார், ஆனால் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் போயிருப்பேனா? தெரியவில்லை. இப்போது அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தகனம் செய்தோம். செவ்வாய்க்கிழமை, போர்டில் போட்டிருந்த அலுவலகத்துக்குப் போனேன். எஞ்சினியர் நம் தமிழ்ப் பெண், என் மகளைவிட இளையவள். மரியாதையாக உட்கார வைத்து வரைபடத்தைத் திறந்து காட்டினாள்.

“அங்கிள், பிளான்ல இங்க வால்வுன்னு இருக்கு. தண்ணி ஆபிஸ்ல கேட்டுட்டோம், அப்படி ஒரு வால்வே இல்லன்னுட்டாங்க. இல்லாத வால்வுக்கு ரோட்டுல பள்ளம் எதுக்கு? அதான் மூடுறோம்.”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பதினைந்து வருஷம் காப்பாற்றிய என் பொய்யே இப்போது அதை மூடப் போகிறது. அக்கா சொன்னது அப்படியே முன்னால் வந்து நின்றது.

“அது வால்வு இல்லம்மா. டிராம் தண்டவாளம். வால்வுன்னு பொய் எழுதினவன் நான்தான்” என்றேன்.

அவள் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினாள். “எழுதிக் கொடுங்க அங்கிள். மேல அனுப்புறேன். ஆனா திங்கட்கிழமை வேலைய என்னால நிறுத்த முடியாது லா.”

மலாயில் எழுதினேன். பெயர், அடையாள அட்டை எண், அன்று செய்த வேலை, அன்று சொன்ன பொய், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும்தான், இதை அக்கா இருக்கும்போது செய்திருக்கலாமே என்று தோன்றியது.

அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை மூன்று. அவருடைய குடை, கரண்டி, அரை டின் மஞ்சள் பெயிண்ட். சமையலறை அலமாரிக்குக் கீழே இருந்ததாகச் சொல்லி சுகந்திதான் கொடுத்தது. நேற்று நண்பகலில், தெரு நிறைய ஆள் பார்க்க, காதர் பாய் என் தலைக்கு மேல் குடை பிடிக்க, நான் மண்டியிட்டு வளையத்தைப் புதிதாகப் போட்டேன். ரஹீம் டின்னைப் பிடித்துக்கொண்டான். வளையம் போட்டபின், உள்ளே சிமெண்டின் மேல் பெரிய எழுத்தில், தமிழிலும் மலாயிலும் டிராம் என்று எழுதினேன். அதற்குக் கீழே அக்காவின் அப்பாவுடைய பெயர். அதற்கும் கீழே என் பெயர், யாரைப் பிடிக்க வேண்டும் என்று தேடி அலையக்கூடாதே என்பதற்காக.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு மெஷின் வரும். எட்டரைக்கு வந்து ஏமாறும் ஆள் நான் இனி இல்லை, ஏழு மணிக்கே போய்விடுவேன். பாய் ஒரு நாற்காலி தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அக்கா நின்ற மாதிரி செருப்போடு அதன் மேல் நிற்கப் போகிறேன். அவரை அறிந்த நீங்களும் வந்தால் நல்லது. வராவிட்டாலும் நான் நிற்பேன். மூட வருகிறவர்கள் முதலில் என்னைக் கேட்கட்டும்.