தங்கையின் கலர் போட்டோ

அப்பாவை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் கோபம்தான் வருகிறது. சிங்காநல்லூரில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். கேமரா என்றால் உயிர். என்னையும், என்னைவிட ஒரு வயது இளைய தங்கையையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தள்ளுவார். கலர் ஃபிலிம் கடைக்கு வந்ததும் ஒரு சுருளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். தங்கை மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளுக்காம். "வெள்ளைக் கவுன் போட்டு நிக்கட்டும், அன்னைக்கு எடுக்கறேன்" என்பார். நல்ல பொருளை நல்ல நாளுக்கென்று பூட்டி வைத்தே வாழ்ந்த வீடு எங்களுடையது. விருந்தாளி வராமல் பீங்கான் தட்டுகூட வெளியே வராது.

அந்த நாள் வருவதற்குள் தங்கை மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். தைத்து வைத்த கவுனையே போட்டுப் பெட்டியில் கிடத்தினார்கள். அடக்கத்துக்கு முன்னால் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று போட்டோ எடுப்பது எங்கள் சனத்தில் வழக்கம். அப்பா அலமாரியைத் திறந்து, கலர் சுருளை அன்றுதான் கேமராவில் போட்டார். கை நடுங்காமல் எடுத்தார், பாவி மனிதர்.

கறுப்பு வெள்ளைப் படங்களைப் பிற்பாடு கரையான் தின்றது. மிஞ்சியது அந்தக் கலர் படம் ஒன்றுதான். அதைச் சுவரில் மாட்ட அம்மா விட்டதே இல்லை.

அப்பாவும் போய்விட்டார். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா, போன மாதம் அவளாகவே கேட்டாள். "அவ மூஞ்சியே மறந்து போகுது அம்மணி. கண்ணு முழிச்சிருக்கறாப்புல ஒருக்காப் பாத்துப்போடோணும்."

கம்ப்யூட்டரில் எல்லாம் முடியும் என்றார் ஸ்டுடியோக்காரத் தம்பி. பெட்டியை அழித்தார், மாலையை எடுத்தார், முகத்தைப் பெரிதாக்கிக் கண்ணைத் திறந்துவிட்டார். திரையிலிருந்து தங்கை என்னைப் பார்த்தாள்.

"எப்படிங்க தம்பி?"

"பொட்டிக்குப் பக்கத்துல நீங்க நிக்கறீங்களேங்க அக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே சாடை. உங்க கண்ணைத்தான் எடுத்து வெச்சேனுங்க."

அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. தலையணையில் சாய்ந்தபடி படத்தை வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தைத் தடவினாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"இது உன்ற கண்ணு" என்றாள்.

படத்தை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"அன்னைக்கு நீ அழுத அழுவையெல்லாம் இதுல இருக்குது. அவளுக்கு எதுக்கு இது? மூடிப்போடச் சொல்லு அம்மணி."