பலகை பலகையாக இறங்கிய மணை

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு, மலாக்கா நகரத்தில் காஜா பேராங்கில் நடந்தது இது. எதையும் வரிசை போட்டுச் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

1. மாசி மாதம், ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் மகளுக்கு வளையல் வாங்கிவிட்டுத் திரும்பிய ஓர் அக்கா பஸ் படியில் தவறி விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார்.

2. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. கால்தான் மடங்கவில்லை.

3. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் என்னிடம் அனுப்பினார்கள்.

4. சில வாரங்களில் நடந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் திருப்தி.

5. இனி வர வேண்டியதில்லை என்று சொன்ன அன்று அந்த அக்கா அழுதார்.

ஐந்தாவது எனக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நாற்காலியில உக்காந்து தாரை வார்க்க முடியுமா தங்கச்சி?" என்றார்.

ஆவணியில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். பெற்றவர்கள் மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாய் நீர் வார்க்க, தகப்பன் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டும். இவரால் முடியாது என்று முடிவுகட்டி, கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மணையில் உட்காருவதாகப் பேசிவிட்டார்கள். அந்த நாத்தனார் அதற்கென்று பட்டுகூட எடுத்தாயிற்றாம்.

எங்கள் பயிற்சிகளில் நடப்பது, படி ஏறுவது, நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் உண்டு. தரையில் உட்காருவது இல்லை. அவற்றை வகுத்தவர்கள் தரையில் உட்காராத சீமைக்காரர்கள். டாக்டரிடம் போய்க் கேட்டேன். எலும்பு பலமாக இருக்கிறது, அவசரப்படாமல் மடக்கலாம் என்றார்.

மறுநாள் வேலை முடிந்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். நுழைந்ததுமே கால் முழுதாக மடங்காததற்குக் காரணம் தெரிந்தது. கட்டிலில் கால் நீட்டியபடி இருந்தார். முழங்காலுக்கு அடியில் கொழுத்த தலையணை. அரிவாள்மணையைப் பரணில் ஏற்றிவிட்டு, அவருக்காக உயரமான மேசையில் கத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசம் முழங்காலுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை.

"உருட் பண்ற பொண்ணா?" என்று நாத்தனார் கேட்டார். எண்ணெய் போட்டு நீவிவிடுவதற்கு மலாயில் அப்படிச் சொல்வார்கள்.

"நான் நீவ வரலீங்க. அக்காதான் வேலை செய்யணும். நான் கூட இருந்து பார்த்துக்குவேன்."

"பார்த்துக்கிறதுக்கா சிங்கப்பூர் வரைக்கும் போய்ப் படிச்ச?"

அக்காவின் கணவர் மரக்கிடங்கில் வேலை செய்பவர். கழித்துப்போட்ட துண்டுப் பலகைகளைக் கேட்டேன். ஒரு கட்டே கொண்டுவந்தார். அவற்றை நாற்காலி உயரத்துக்கு அடுக்கி, மேலே கல்யாண மணையை வைத்தோம். காலையும் மாலையும் படுத்தபடி குதிகாலை இழுத்து மடக்கும் பயிற்சி. மற்ற நேரம் அந்த மணைமேல் உட்கார்ந்துதான் வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, வெற்றிலை போடுவது. கால் பழகப் பழக அடியிலிருந்து ஒரு பலகையை உருவிவிடுவோம்.

"உன் கால் மடங்குறதுக்குள்ள பேரப்பிள்ளைக்குக் காது குத்திடலாம் லா," என்றார் நாத்தனார்.

அந்தப் பேச்சு சுட்டிருக்க வேண்டும். ஆடி மாதம் ஒருநாள் அக்கா எனக்குத் தெரியாமல் இரண்டு மூன்று பலகைகளைச் சேர்த்து உருவிவிட்டார். முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. "அண்ணியே உக்காரட்டும் தங்கச்சி, விட்டுடு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிப் பெண்மணி வந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழி வந்தவர்; ஆனாலும் அவருக்குத் தமிழ் வராது, அவர்கள் பேசும் மலாய்தான். தோள்பட்டை இறுகி, கொண்டை ஊசி செருகக்கூடக் கை எழாமல் இருந்தவர். நான் வந்து போகிற நேரத்தில் அவருக்கும், விரல்களால் சுவரில் மேலே மேலே ஏறும் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தேன். அவருடைய சின்ன மகளும் விளையாட்டாகச் சேர்ந்து சுவரில் விரலை ஏற்றும். அவர் கட்டிலோரம் நின்று கொண்டையை அவிழ்த்தார். தானே சுற்றி, தானே ஊசி செருகினார். பிறகு அக்காவின் காலைக் காட்டி, "போலே லா," என்றார். முடியும் என்று அர்த்தம்.

வீக்கம் வற்றியதும், எடுத்த பலகைகளைத் திரும்ப வைத்து மறுபடி இறங்கினோம். மணையில் பெற்றவர்களே உட்காருவது என்று பேச்சும் மாறியது.

கல்யாண நாளில் கடைத்தெருவில் சுதந்திரக் கொடிகளை இன்னும் இறக்கவில்லை. அக்கா கணவரின் தோளைத் தொட்டு, நல்ல காலை முதலில் மடக்கி, உடைந்த காலை அடுத்து மடக்கி, மணையில் அமர்ந்தார். அடியில் பலகை எதுவும் இல்லை. அவர் கையிலிருந்து நீர் விழுந்தபோது மண்டபமே மணமக்களைப் பார்த்தது. நான் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் அது மடங்கி இருந்ததே இல்லை. எழ வேண்டுமே.

சடங்கு முடிந்ததும் நாத்தனார் குனிந்து கை நீட்டினார்.

"கைய எடுங்க அண்ணி. நானே எழுந்துக்கிறேன்."

ஒரு கையை ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, மண்டியிட்டு, பட்டுச் சேலையோடு எழுந்து நின்றார். பெண்கள் வரிசையிலிருந்து "போலே" என்று ஒரு குரல் கேட்டது. மேடையில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

பந்தியில் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையைப் பார்த்தபடியே, "எனக்கும் முழங்கால் ரொம்ப நாளா பிடிக்குது. அந்தப் பலகையெல்லாம் இன்னும் இருக்குதா?" என்றார்.

இப்போது பலகைகள் நாத்தனார் வீட்டில் இருக்கின்றன, பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டார். அக்கா அரிவாள்மணையில்தான் காய் நறுக்குகிறார். எங்கள் பிரிவில் தரையில் உட்கார்ந்து எழுவதும் ஒரு பயிற்சியாகிவிட்டது. சிறுபிள்ளையோ வயதானவரோ, யார் வந்தாலும் எங்கே வலிக்கிறது என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன்; எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பதே முதல் கேள்வி.